இரண்டு கடல், ஒரு பகல்: ராமேஸ்வரம் தீவின் கரைகளைச் சிறு குழுவாகச் சுற்றிவருவது

2017 வரை தனுஷ்கோடிக்கு வழிகாட்டி வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலும் தேங்கிய கடல்நீரும்தான். உள்ளூர்க்காரர் ஓட்டும் வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து, அவர் நிறுத்திய இடத்தில் இறங்கி, அவர் கூப்பிட்டதும் ஏறித் திரும்பினார்கள். ‘சிறு குழுச் சுற்றுலா’ என்ற பெயர் அதற்கு இல்லை. நடந்ததென்னவோ அதுதான். அந்த ஆண்டு ஜூலையில் தீவின் தென்கிழக்கு நுனியான அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. இன்று உடுமலையில் கிளப்பிய கார் நேராக நிலத்தின் நுனியில் போய் நிற்கிறது. வழி தெரிந்தவர் தேவையில்லை என்றானதும், கடல் தெரிந்தவரும் தேவையில்லை என்று மக்கள் முடிவுகட்டிவிட்டார்கள். சாலை தீர்த்துவைத்தது மணலின் சிக்கலை மட்டும்தான். கடல் 2017-க்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

இந்த அத்தியாயம் அதனால் இடங்களின் பட்டியல் அல்ல. ராமேஸ்வரம் தீவின் கரைகளை ஒரே பகலில் பார்க்க நினைக்கும் எட்டுப் பத்துப் பேர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே இறங்கலாம், எங்கே கரையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. இங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி இடத்தைக் காட்டுவதற்கு அல்ல, “இன்னைக்கு இங்க இறங்க வேண்டாம்” என்று சொல்வதற்கு. இதை ஒப்புக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் தாமாக அமைந்துவிடும்.

எந்த மாதம், எந்தக் கடல்

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் இந்தக் கரையின் மீனவர்கள் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அலையடங்கிக் கிடக்கும். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்தது, கரையை விட்டு நகர நகர ஆழம் கூடும். வெளியூர்க்காரர்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, வடகரை என்றால் பயமில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பாதி உண்மைதான் அது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தெற்குக் கரை கொந்தளிக்கும், வடகரை படுத்துக் கிடக்கும். அக்டோபரில் தொடங்கி வாடைக்காற்று எடுத்ததும் நிலைமை தலைகீழாகும். சாதுவாகக் கிடந்த வடகரையில் அலை எழும், மழையும் புயலும் சேர்ந்துகொள்ளும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியையும், அங்கே போய்க்கொண்டிருந்த பாம்பன் பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது இந்தப் பருவத்தில்தான். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட ஓய்வு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. வெயிலும் கொல்லாது, தனுஷ்கோடி வழியில் உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகளும் நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தப் பத்து வாரங்களைத்தான் பரிந்துரைப்பேன். தை அமாவாசை அந்தக் காலத்துக்குள் விழுந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் கடற்கரை கண்ணில் படாது.

கச்சான் பருவத்தில் வடகரைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால்தான் அங்கே நீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. அதே காற்றுதான் குழந்தை உட்கார்ந்திருக்கும் ரப்பர் டியூபைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லாததால் கரையில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆகவே டியூப், காற்றடைத்த மிதவைப் படுக்கை, பந்து ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போகும் பந்தைப் பிடிக்கப் பின்னாலேயே நீந்துவதும் அதே ஆபத்துதான்.

கிளம்பும் முன்பு பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்பது. எந்த எண்ணாக இருந்தாலும் சரி, கூண்டு ஏறியிருந்தால் அன்று கரைச் சுற்று கிடையாது. கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மற்றது, ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்பது. உடுமலைக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். திருமூர்த்தி மலையில் பஞ்சலிங்க அருவிக்கு அடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத காட்டில் பெய்த மழை திடீரென்று இறங்கும். கள்ளக்கடலும் அவ்வாறே, தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றும் மேகமும் இல்லாத நேரத்தில் வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில். படித்தவர்கள், இளைஞர்கள், கூட்டமாகப் போனவர்கள். அலை அதையெல்லாம் விசாரிப்பதில்லை.

குழு: எட்டு முதல் பத்து

வழிகாட்டி ஒருவர், அவர் கண் ஒரு ஜோடி. நீரோரத்தில் நிற்கிறவர்களைத் திரும்பித் திரும்பி எண்ண முடிகிற அளவுக்குத்தான் குழு இருக்கலாம். பத்துப் பேரை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். ஐம்பது பேர் வரும் பேருந்தில் யார் எங்கே இறங்கினார் என்பது கிளம்பும்போது இருக்கையைச் சரிபார்த்தால்தான் தெரியும், கடலில் அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. ஊரில் குழு சேர்க்கும்போது சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு என்று இருபதாக வளர்வது வழக்கம். அப்படி வளர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு வழிகாட்டி அமர்த்துங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு இரண்டு பிள்ளைகளுக்கும், வேறு வேலை இல்லாத ஒரு பெரியவர் இருக்க வேண்டும். செல்பி எடுப்பதும் வேறு வேலைதான்.

இன்னொரு விஷயத்தை ஊரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு ராமேஸ்வரம் என்றால் தீர்த்த யாத்திரை, மீதிப் பேருக்குப் பொரித்த மீன். இரண்டு கூட்டமும் ஒரே வேனில் ஏறினால் மதியச் சாப்பாட்டில் முகம் சுளிப்பு தொடங்கும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிக் கோயிலும் பார்ப்பதற்கே அரை நாள் போய்விடும், கரைச் சுற்றுக்கு முழு நாள் வேண்டும். இரண்டையும் ஒரு பகலுக்குள் திணிப்பவர்கள் எதையும் பார்த்ததில்லை. வழிபாடு முக்கியம் என்றால் முந்தைய நாள் மாலையிலோ அடுத்த நாள் காலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

உடுமலையிலிருந்து தீவுக்கு

பழனி, திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகச் சுமார் 330 கிலோமீட்டர். வேனில் ஆறரை, ஏழு மணி நேரம். பலர் கணக்குப் போடுவது எப்படியென்றால், ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியலில் அக்னி தீர்த்தம், பகல் முழுக்கச் சுற்றல், மறுபடி ராத்திரி திரும்பல். லாட்ஜ் வாடகை மிச்சம் என்பார்கள். இந்தக் கணக்கில் ஓட்டுநரின் தூக்கம் எங்குமே வரவில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரே ஆள் ஓட்டுகிறார். இந்தச் சுற்றுலாவில் கடலைவிடப் பெரிய ஆபத்து திரும்பி வரும் இரவின் பின்னேரத்தில், திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையில்தான் காத்திருக்கிறது.

1. முந்தைய நாள் காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்துவிடுங்கள்.
2. இரவு தீவிலேயே தங்குங்கள். ஓட்டுநருக்கும் படுக்கை பிடியுங்கள், வண்டிக்குள் தூங்கட்டும் என்று விடாதீர்கள்.
3. சுற்றும் நாளுக்கு உள்ளூர் வண்டி அமர்த்துங்கள். உங்கள் ஓட்டுநர் அன்று பகல் ஓய்வெடுக்கட்டும்.
4. ரயிலில் வருவதானால் உடுமலையில் நிற்கும் அமிர்தா எக்ஸ்பிரஸில் காலையில் ஏறி மதுரை வழியாக வாருங்கள். அன்றைய பகலில் பெரும்பகுதி பயணத்துக்கே போகும். கரைச் சுற்று மறுநாள்தான்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட பிறகு, இரண்டாண்டுக்கு மேல் நின்றிருந்த ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. கடல் நடுவே போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே ரயிலைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை. கதவருகே தொங்கிப் படம் எடுப்பதில்தான் தவறு.

வழிகாட்டியை அமர்த்துவது

கோயிலுக்கு வழிகாட்டுபவரும் கரைக்கு வழிகாட்டுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. கரைக்குத் தேவை மீனவக் குடும்பத்தவர், அல்லது பல ஆண்டுகளாகத் தனுஷ்கோடிக்கு வண்டி ஓட்டியவர். தங்குமிடத்தில் விசாரித்தால் பெயர் சொல்வார்கள். இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். பேரம் அப்புறம், முதலில் கேள்வி.

1. “இந்த மாசத்துல எங்கெங்க இறங்கக் கூடாதுங்க?” பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும். “எங்க வேணும்னாலும் குளிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.
2. “அரிச்சல்முனைக்கு எத்தனை மணிக்குப் போகலாம், ஏன் அந்த நேரம்?” காரணம் சொல்கிறாரா என்று கவனியுங்கள். காற்று, வெயில், கூட்டம், சோதனைச் சாவடி ஆகியவற்றில் ஏதாவது அந்தக் காரணத்தில் இருக்க வேண்டும்.
3. “உயிர்காப்புச் சட்டை, வீசும் கயிறு இருக்கா?” இல்லையென்றால் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.
4. கூலியை முழு நாளுக்குப் பேசுங்கள், இடத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.
5. கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.
6. ஏதாவது கரையை அவர் வேண்டாம் என்று தள்ளினாலும் கூலி குறையாது என்று சொல்லிவிடுங்கள்.

ஆறாவதுதான் முக்கியம். இடக் கணக்கில் கூலி பேசினால், காற்று எடுத்திருக்கும் நாளிலும் உங்களை ஆறாவது இடத்துக்கு இழுத்துப் போவதில்தான் அவருக்கு லாபம். அவர் ‘வேண்டாம்’ சொல்வதற்காகத்தான் அமர்த்துகிறோம் என்றால், அந்தச் சொல்லுக்கு அபராதம் விதிக்கக் கூடாது. குழுவில் உள்ள எல்லோரிடமும் முந்தைய இரவே சொல்லிவையுங்கள்: தண்ணீர் விஷயத்தில் அவர் பேச்சுதான் முடிவு. மாமாவோ பெரியப்பாவோ அதற்கு மேல் பேச வேண்டாம்.

இதை மறுப்பவர்களும் உண்டு. வழிகாட்டி என்றாலே கமிஷன், சங்குக் கடை, முத்து மாலைக் கடை என்று சிலர் சொல்வார்கள். அது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்து எழுதி வாங்குவதும் பாதிக் கூலியை மாலையில் தருவதும்தான், ஆளே வேண்டாம் என்பதல்ல. வரைபடம் கைபேசியில் இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். ஒரே ஒரு சாலை உள்ள இடத்தில் வரைபடத்துக்கே வேலையில்லை. அந்தச் சாலையின் இரு பக்கமும் கடல் இருக்கும்போது இன்று எந்தப் பக்கம் நடப்பது என்று வரைபடம் சொல்லாது. மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: அரிச்சல்முனையில் போலீஸ் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? அவர்கள் நுனியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார்கள். நுனிக்கு முந்தைய பல கிலோமீட்டர் மணல் முழுக்க ஆள் போட முடியாது. ஆஸ்திரேலியாவில் சிவப்பு மஞ்சள் கொடி இரண்டு நட்டு, அவற்றுக்கு இடையில் மட்டும் குளிக்கச் சொல்லி, மீட்பு ஆள் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இங்கே கரையின் பெரும்பகுதியில் கொடியும் இல்லை, ஆளும் இல்லை. உங்கள் குழுவோடு வருகிறவர்தான் கொடி.

அந்த ஒரு பகல்

வரிசையை ஒரே விதி தீர்மானிக்கிறது. காலையில் தென்கிழக்கு நுனி, நடுப்பகலில் கூரை, மாலையில் மேற்கு. அரிச்சல்முனையில் நிழல் என்று ஒன்று கிடையாது. பத்தரைக்கு மேல் மணல் காலைச் சுடும், காற்று ஏறும், வண்டிகள் வரிசைகட்டும். மாலையில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று நாலரைக்குப் போகிறவர்களைச் சாவடியில் திருப்பி அனுப்புவதும் உண்டு.

1. விடியல், அக்னி தீர்த்தம் அல்லது சங்குமால். சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் வரும். அரை மணி முன்பே போய்விடுங்கள். அக்னி தீர்த்தத்தில் நீர் அமைதியாக இருக்கும், நீராடுவோர் நிறையப் பேர் இருப்பார்கள். இடுப்பளவு போதும். காலடியில் துணி, கயிறு சிக்கும், மெதுவாக ஊன்றுங்கள்.

2. ஏழு மணிக்குள் காலை உணவு. கழிப்பறை வேலையை ராமேஸ்வரத்திலேயே முடியுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வண்டியில் ஏற வேண்டும்.

3. ஏழரை முதல் பத்தரை, தனுஷ்கோடி, அரிச்சல்முனை. முதலில் நேராக நுனிக்குப் போங்கள், இடிந்த ஊரைத் திரும்பும்போது பாருங்கள். வரிசையை மாற்றினால் நுனியில் நிற்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். நுனியில் இரண்டு கடல்நீரும் சந்திக்கின்றன. மணல் முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறும், போன வருடம் நின்ற இடம் இந்த வருடம் நீருக்குள் இருக்கலாம். இங்கே குளிக்கக் கூடாது, கால் நனைக்கவும் வழிகாட்டி கைகாட்டிய இடத்தில்தான். சேது நீராடல் வேண்டும் என்கிற பெரியவர்கள் இருந்தால், செம்பில் மொண்டு கரையில் உட்கார்ந்தபடி தலையில் ஊற்றிக்கொள்ளலாமா என்று வீட்டிலேயே கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு வாதாடுவது சரிப்படாது. திரும்பும் வழியில் தேவாலயத்தின் சிதைவும் பழைய ரயில் நிலையத்தின் சுவர்களும் இருக்கின்றன. சுவர்மேல் ஏறாதீர்கள், கல்லில் பெயர் கீறாதீர்கள். அங்கே வசிக்கும் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிநீர் எடுக்கின்றன. அந்தக் குழிகளில் காலைக் கழுவிவிட்டு நகர்கிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

4. பூநாரைகள். பருவத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் நிற்கும். தனுஷ்கோடி 2025-இல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாலையிலிருந்தே பாருங்கள். பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிவது, கூச்சலிடுவது எல்லாம் சட்டப்படியும் குற்றம். டிரோன் வேண்டாம், எல்லைப் பகுதி.

5. பதினொன்று முதல் மூன்று, கூரை. பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம், மதியச் சாப்பாடு, படுக்கை. கோயில் நடை ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வாசலில் போய் நிற்காதீர்கள். இந்த நான்கு மணி நேரத்தை வீண் என்று நினைத்து இன்னொரு கரையைச் சேர்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். மாலையில் குழந்தைகள் வாந்தி எடுப்பதும் பெரியவர்களுக்குத் தலை சுற்றுவதும் பெரும்பாலும் இந்த ஒரு கரையால்தான்.

6. மூன்றரை, வில்லூண்டி தீர்த்தம். தங்கச்சிமடம் பக்கத்தில், கடலுக்குள் நடைபாலம் போட்டு அதன் முனையில் நல்ல தண்ணீர் ஊற்று. வடகரை என்பதால் வாடைக்காலத்தில் வழிகாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. நாலரை முதல் இருட்டும் வரை, குந்துகால். மேலைநாட்டுப் பயணம் முடிந்து விவேகானந்தர் 1897 ஜனவரி 26-இல் தாய்நாட்டு மண்ணில் கால்வைத்த கரை. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. வனத்துறை நடத்தும் படகைத் தவிர வேறு படகில் அங்கே போகக் கூடாது. “மணல் திட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று தனியாகக் கூப்பிடும் படகிலும் ஏறாதீர்கள். அந்தத் திட்டுகளை ஒட்டிச் சர்வதேச எல்லை போகிறது.

ஏழு நிறுத்தம் அதிகம் என்று தோன்றினால் ஆறாவதை விட்டுவிடுங்கள். அந்தி வெளிச்சத்தில் பாம்பன் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது எல்லோரும் செய்கிற காரியம், எல்லோருக்கும் ஆபத்தான காரியமும்கூட. இறங்கியே ஆக வேண்டும் என்றால் பாலம் முடிந்த பிறகு ஓரம் பார்த்து நிறுத்துங்கள்.

நீருக்குள் இறங்கினால்

உடுமலை வட்டாரத்தில் நீச்சல் தெரியாத ஆண்பிள்ளை குறைவு. கிணற்றில் பழகியவர்கள், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் குதித்தவர்கள், அமராவதி ஆற்றில் அக்கரை தொட்டவர்கள். “எனக்கு நீச்சல் தெரியும்” என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த நீச்சல் எதைக் கற்றுக்கொடுத்தது என்று பாருங்கள். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வரும். வாய்க்காலில் ஓட்டம் ஒரே திசை, கரை இரண்டு பக்கமும் கைக்கெட்டும். களைத்தால் பிடித்துக்கொள்ள எப்போதும் ஏதோ ஒன்று உண்டு. கடலில் பிடிமானம் கிடையாது, ஓட்டத்தின் திசையும் கண்ணுக்குத் தெரியாது. கிணற்றில் பழகியவர் இழுக்கப்படும்போது உடம்பின் பழக்கப்படி நேராகக் கரையைப் பார்த்து முழு மூச்சில் நீந்துவார். ஓட்டத்துக்கு எதிராக நீந்த வைத்து அவரை வீழ்த்துவது அந்தத் திறமையேதான். நீச்சல் தெரியாதவர் முழங்காலோடு நின்றுகொள்கிறார், தெரிந்தவர்தான் உள்ளே போகிறார்.

இந்தத் தீவைச் சுற்றி ஓட்டம் பலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஏற்றவற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. அதைப் பார்த்துக் கடல் சோம்பேறி என்று எண்ணக் கூடாது. பருவக்காற்று ஒரு கடலின் நீரைத் தள்ளும்போது அது அடுத்த கடலுக்குப் போகப் பாம்பன் கால்வாயும், தனுஷ்கோடிக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள சேதுத் திட்டுகளின் இடைவெளிகளும்தான் வழி. குறுகிய வாயில் நெருக்கும் நீர் விசையோடு பாயும். அரிச்சல்முனை அந்த வாய்களில் ஒன்றின் ஓரத்தில்தான் இருக்கிறது.

வழிகாட்டி அனுமதித்த இடத்தில் இறங்கும்போது:

1. கால்மணி நேரம் கரையில் நின்று அலையைப் பாருங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கி வெளியே ஓடும் இடம் தெரிந்தால், அமைதியாகத் தெரியும் அந்த இடத்தில்தான் இறங்கக் கூடாது.
2. இருவர் இருவராக இறங்குங்கள். தன் ஜோடி எங்கே என்று ஒவ்வொருவரும் சொல்ல முடிய வேண்டும்.
3. இடுப்புக்கு மேல் வேண்டாம். முதுகை அலைக்குக் காட்டாதீர்கள்.
4. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நகருங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.
5. உயிர்காப்புச் சட்டையின் கொக்கிகள் அனைத்தும் பூட்டியிருக்க வேண்டும். தோளில் சும்மா மாட்டியது உதவாது.
6. இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக நகர்ந்து பிறகு கரையேறுங்கள்.
7. ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, காலி தண்ணீர் கேன், மிதப்பது எதுவோ அதை வீசுங்கள். ஒருவர் கையில் தொலைபேசி, இன்னொருவர் விரல் இழுபட்டவரை நோக்கி நீட்டியபடி.

எண்கள்: பொது அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093, கடலோரக் காவல்படை 1554. நுனியில் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வது உண்டு. ரோமிங்கை அணைத்துவிட்டு, உள்ளூர் சிக்னல் இருக்கும் ஒரு போனையாவது வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், பெரிய மருத்துவமனை ராமநாதபுரத்தில். முதலுதவி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்ப்பதும் குடிநீரை ஊற்றுவதும் வலியைக் கூட்டும். ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனை. திருக்கை குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடியே கொண்டுபோங்கள். முள் உள்ளே தங்கியிருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழல், ஈரத்துணி, விசிறி, பிறகு 108.

பையில் என்ன வரலாம், என்ன வரக் கூடாது

போகும்போது: முழுக்கை பருத்திச் சட்டை, வாருள்ள செருப்பு, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஊரிலிருந்து கட்டிய புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ, மாற்றுத்துணி, குப்பைக்கு ஒரு சாக்கு. தயிர்ச்சோறு வேண்டாம், பகல் பதினொன்றுக்குள் புளித்துவிடும். நுனியில் உடை மாற்ற மறைவிடம் கிடையாது. பெண்கள் நனையும் நிறுத்தம் எது என்பதை வழிகாட்டியோடு முன்பே பேசி, அக்னி தீர்த்தப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பும்போது பிள்ளைகளின் பைகளை லாட்ஜிலேயே கொட்டிப் பாருங்கள். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதுவானாலும், உயிரில்லாமல் காய்ந்து கிடந்ததை எடுத்திருந்தாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். சில வகைச் சங்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. எது உண்டு எது இல்லை என்று ஆராய உங்களுக்கு நேரமில்லாததால், கரையில் பொறுக்கிய எதையும் கொண்டுவராதீர்கள். கடையில் வாங்கிய சிப்பி மாலைக்கு ரசீது வாங்கி வையுங்கள். பைகளைச் சரிபார்த்த பிறகு ஓட்டுநரை எழுப்பி, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அன்றிரவும் தங்கி, விடிந்த பிறகு உடுமலைக்குக் கிளம்புங்கள்.